பெயர் எழுதாத கேசட்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழா மாலையில், மூத்தோர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் லிஃப்டில் என்னைப் பார்த்து, "சார், உங்க தஞ்சாவூர்ப் பக்கத்து இசையைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும்" என்றார். எனக்குப் பாடத் தெரியாது. கச்சேரியில் ராகம் கண்டுபிடிக்கும் போட்டியில் பக்கத்து இருக்கைக்காரரிடம் நான் எப்போதும் தோற்பவன். பி.காம். முடித்து, 1985-இல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 34 வருடம் வவுச்சரும் லெட்ஜருமாக ஓட்டியவன். எனவே இன்று இசையை எப்படிக் கேட்பது என்று சொல்லப்போவதில்லை. இசையை எப்படிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள், எங்கே எழுதாமல் விட்டார்கள், அதில் நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கணக்கு என்றால் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

முதலில் ஒரு பழைய பதிவேடு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அங்கே சுவரில் இருக்கும் கல்வெட்டு ஒன்று, வங்கிக்காரனான என்னை அசர வைத்தது. இராஜராஜ சோழன் காலத்து முடிவில், சுமார் 1014-இல் வெட்டப்பட்டது. கோயில் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட சுமார் 400 பெண்களின் பட்டியல் அது. 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பது இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்பவர், வீணை வாசிப்பவர், தமிழ் பாடுபவர், உடுக்கை அடிப்பவர் எல்லோருக்கும் தனித்தனியாகப் பங்கு எழுதியிருக்கிறது. இன்னொரு கல்வெட்டில் தேவாரம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என்று 50 பேருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு நெல் என்று இருக்கிறது.

நம் சங்கத்தின் குடியிருப்போர் பட்டியலைக் கடந்த ஆண்டு சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏ பிளாக்கிலேயே ஆறு ஃபிளாட்டுக்கு யார் குடியிருக்கிறார்கள் என்று நம்மால் சரியாக எழுத முடியவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கல்லில் கதவு எண்ணோடு எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு பத்தி காலியாக இருக்கிறது. அந்த 400 பேரும் என்ன ஆடினார்கள், அந்த 48 பேரும் எந்த மெட்டில் பாடினார்கள் என்பது கல்லில் இல்லை. சம்பளக் கணக்கு எழுதுபவருக்கு அது தேவைப்படவில்லை. எல்லோரும் தினமும் கேட்கிற பாட்டுதானே, எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்திருக்கலாம். இந்த நினைப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருகிறேன்.

அந்தக் காலியிடத்தை நிரப்ப வந்தவர்களில் முக்கியமானவர் ஒருவர், இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். சென்னையில் அரசுச் செயலகத்தில் வேலை பார்த்த சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்தவர், கிறித்தவர். 1890-களில் நம் கர்நாடக இசைப் பாடல்களை மேல்நாட்டு இசைக்குறியீட்டில் எழுதி அச்சிட ஆரம்பித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்களைச் சரியாக அறிந்தவர் யார் என்று தேடி, எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரிடம் போனார். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக இருந்தார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன், அவராலேயே தத்தெடுக்கப்பட்டவர்தான் சுப்பராம தீட்சிதர். காவிரிக் கரையில் விளைந்த பெரிய சொத்து ஒன்று தெற்கே ஒரு குடும்பத்தின் நினைவில் பத்திரமாக இருந்தது.

குடும்பச் சொத்தை வெளியே எடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். முதலியார் விடவில்லை. தனக்குக் கண்பார்வை குறைந்த நிலையிலும், எட்டயபுரம் அரசரிடமே போய், இதை அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன் விளைவாக 1904-இல் வந்ததுதான் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. சுமார் 1,700 பக்கங்கள், தெலுங்கு எழுத்தில். ஒவ்வொரு சுரத்தையும் எப்படி அசைக்க வேண்டும் என்பதற்குத் தனி அடையாளங்கள் வைத்து அச்சிட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் நமக்கு இன்று சுரத்தோடு கிடைப்பது அதனால்தான். 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் பாகம் பாகமாக வெளியிட்டது. இதைப் படித்த நாள் முதல், அலுவலகத்தில் ஃபைல் பார்ப்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

இன்னொருவர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர். திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு தஞ்சாவூரில் சித்த மருத்துவராகப் பெயரும் பணமும் சம்பாதித்தவர். அந்தப் பணத்தை என்ன செய்தார்? 1912-இல் தஞ்சாவூரில் ஒரு இசைச் சங்கம் தொடங்கி, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு இசை மாநாடுகளைத் தன் செலவில் நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய்த் தன் ஆய்வை எடுத்து வைத்தார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலைத் தன் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். சிலப்பதிகாரத்தில் சொல்லப்பட்ட பண்களிலிருந்து இன்றைய இராகங்கள் வரை கணக்குப் போட்டுக் காட்ட முயன்ற நூல் அது. அவர் சொன்ன எல்லாவற்றையும் அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் எழுதி வைத்ததால்தான் மறுப்பதற்கும் ஒரு புத்தகம் இருக்கிறது.

புத்தகத்தில் சுரம் வந்துவிட்டது, குரல் வரவில்லை. அந்தப் பத்தியை நிரப்ப இசைத்தட்டு வந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நம் அப்பா தலைமுறை இசைத்தட்டில்தான் கேட்டது. கோயில் வீதியுலாவில் மணிக்கணக்காக வாசிக்கிற தோடி, தட்டுக்கு வரும்போது ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. குரல் கிடைத்தது, நேரம் போனது. தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் முதன்மைக் கலைஞர் பெயர் இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லாத தட்டுகள் எத்தனையோ. தவில்காரர் அடித்த அடி கேட்கும், அடித்தவர் யார் என்று தெரியாது. நாகசுரம், தவில் கலைஞர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடி 'மங்கல இசை மன்னர்கள்' என்று பி.எம். சுந்தரம் எழுதினார். அது இல்லாவிட்டால் அந்தப் பெயர்களில் பாதி நம்மிடம் இருக்காது.

இங்கே ஒரு விஷயம். தஞ்சாவூர் இசை என்றால் திருவையாறு ஆராதனையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த மண் அவ்வளவு சின்னது இல்லை. சரபோஜி மன்னர் அரண்மனையில் மேல்நாட்டு பாண்டு வாத்தியக்குழு இருந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினில் தேர்ந்தவர். இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை அந்த நான்கு சகோதரர்கள் அமைத்தார்கள். சரபோஜியோடு வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் கிறித்தவக் கதையை வைத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சீர்காழியில் அருணாசலக் கவிராயர் இராமாயணத்தை இசை நாடகமாக்கினார். நாகூரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட இ.எம். ஹனிபாவின் குரலை அறியாத தமிழ்ப் பேச்சு மேடை இல்லை. மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரையில் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அவருக்குப் பாட்டெழுதிய பாபநாசம் சிவன் பிறந்த போலகமும் அதே வட்டாரம்தான். கும்பகோணம் சாலையில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனையும் ஒரே ஆற்றுத் தண்ணீர்.

இத்தனையிலும் கணக்கில் வராத ஒரு கூட்டம் உண்டு. நாற்று நட்ட பெண்கள், தாலாட்டுப் பாடிய பாட்டிகள், நலங்குக்குப் பாடிய அத்தைகள், சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தவர்கள், பறை அடித்தவர்கள். நாட்டுப்பாடல் தொகுத்தவர்கள் இல்லாமலில்லை. ஐ.சி.எஸ். அதிகாரி பெர்சி மெக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958-இல் வெளியிட்டது. ஆனால் பொதுவாக இப்படிப்பட்ட தொகுப்புகளில் பாடலின் சொற்கள் கிடைக்கும். பாடிய பெண்ணின் பெயர் கிடைப்பது அரிது.

இதை நான் குறையாகச் சொல்ல எனக்கே தகுதியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். 1987-இல், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனதும், ஒரு டூ-இன்-ஒன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். தை மாதம், அறுவடை முடிந்த நேரம். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவைப் பாடச் சொல்லி, 60 நிமிடக் கேசட்டில் பதிவு செய்தேன். அம்மா 2004-இல் காலமானார். வீடு மாறியபோது கேசட் எங்கோ பெட்டிக்குள் போய்விட்டது. இங்கே குடிவந்த பிறகு, 2022-இல் பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது. தெரிந்த பையன் ஒருவன் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தான்.

முதல் பக்கம் முழுக்க அம்மா. இரண்டாவது பக்கத்தில் அம்மா ஒரு நடவுப் பாட்டை ஆரம்பிக்கிறார். நடுவில் தடுமாறுகிறார். அப்போது இன்னொரு பெண் குரல், "அது பொறவு வரும்மா, மொதல்ல இது" என்று எடுத்துக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் அந்தக் குரல்தான். அம்மா பின்பாட்டு. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அம்மாவைவிட அவர் நன்றாகப் பாடுகிறார்.

அது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வயலில் வேலை செய்த, கீழத்தெருவிலிருந்து வந்த ஒருவர் என்பது நிச்சயம். அந்தத் தெருவிலிருந்து நான்கைந்து பெண்கள் வருவார்கள். அவர்களைக் கூப்பிட ஏதோ ஒரு பெயர் வீட்டில் இருந்தது. முழுப்பெயர் என்ன என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கேசட் உறையில் என் கையெழுத்தில் 'அம்மா பாட்டு' என்று மட்டும் இருக்கிறது. தேதி இல்லாத வவுச்சரை, கையெழுத்து இல்லாத செலானை 34 வருடம் கவுன்டரில் திருப்பிக் கொடுத்தவன் நான். 1014-இல் 400 பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். 1987-இல் பால்பாயின்ட் பேனா கையில் இருந்தும் ஒரு பெண்ணின் பெயரை நான் எழுதவில்லை. பாட்டு எங்கே போய்விடப் போகிறது என்று அந்தக் கணக்கர் நினைத்திருக்கலாம் என்றேன். ஆள் எங்கே போய்விடப் போகிறார் என்று நான் நினைத்துவிட்டேன்.

வங்கியில் யாருடைய பணம் என்று தெரியாமல் வந்துவிட்டால் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். உரியவரைக் கண்டுபிடித்துக் கணக்கை நேர் செய்யும்வரை மேனேஜருக்குத் தூக்கம் வராது. போன வருடம் அந்தச் சஸ்பென்ஸைத் தீர்க்க ஊருக்குப் போனேன். கீழத்தெருவில் போனில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒரு பெரியவர் ஒரு பெயர் சொன்னார். அவர் மனைவி வேறு பெயர் சொன்னார். ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு, "எங்க அம்மாவோன்னு தோணுது சார், ஆனா உறுதியாச் சொல்ல முடியல" என்றார். கிளம்பும்போது, "எதுக்கும் எனக்கு அனுப்பிவிடுங்க" என்றார். அனுப்பியிருக்கிறேன். கணக்கு இன்னும் நேராகவில்லை.

இதனால்தான் இன்று உங்களிடம் ஒரு வேலை கேட்டு நிற்கிறேன். பண்டிதர் மாதிரி மாநாடு நடத்த வேண்டாம். உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த ஒரு பெரியவரை, அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒருமுறை பதிவு செய்யுங்கள். தஞ்சாவூர்தான் என்றில்லை. இந்தக் குடியிருப்பில் கொங்குநாடு இருக்கிறது, நெல்லை இருக்கிறது, பாலக்காடு இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் சரி. எப்படிச் செய்வது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், பாட்டுக்கு முன்னால் பெயர். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் முதன்முதலாகப் பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரைத் தானே சொல்லி முடித்தார். தட்டு ஜெர்மனியில் அச்சாக வேண்டும், அங்கிருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அதைவிட நல்ல வழி இன்றும் இல்லை. ரெக்கார்டிங்கை ஆரம்பித்ததும் தேதி, இடம், பாடுபவர் முழுப்பெயர், சொந்த ஊர், வயது இவற்றை வாயால் சொல்லுங்கள். கூட இருப்பவர்கள், பின்பாட்டுப் பாடுபவர்கள் பெயரையும் சொல்லுங்கள். பெயர் குரலோடு ஒட்டிவிட்டால் உறை தொலைந்தாலும் பெயர் தொலையாது.

இரண்டாவது, பாட்டோடு நிறுத்தாதீர்கள். யாரிடம் கற்றார், எப்போது பாடுவார்கள், யார் வீட்டில் பாடுவார்கள் என்று கேளுங்கள். பாட்டு மறந்துவிட்டது என்பவர்கள்கூடப் பேச ஆரம்பித்தால் பாதி ஞாபகம் வந்துவிடும். அவசரப்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, ஃபேனை நிறுத்துங்கள். போனைக் கையில் பிடிக்காமல், ஒரு துண்டை மடித்து அதன்மேல், பாடுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். பின்னால் மிக்ஸி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, அனுமதி. யாருக்கு அனுப்பலாம், யாருக்கு அனுப்பக் கூடாது என்று கேட்டு, அதையும் பதிவிலேயே சொல்லுங்கள். ஒப்பாரியை நல்ல நாளில் வீட்டில் பாட மாட்டார்கள். கேட்டு மறுத்தால் விட்டுவிடுங்கள். மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

ஐந்தாவது, பழைய கேசட் வைத்திருப்பவர்கள். ஓடுமா என்று உடனே போட்டுப் பார்க்காதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிறகும் மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆறாவது, பிரதி. போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ ஒன்று. ஒரே பெட்டியில் வைத்தால் அதற்குப் பிரதி என்று பெயரில்லை.

சங்க அலுவலகத்தில் ஒரு நீளமான நோட்டு வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்திகளை நான் போட்டுத் தருகிறேன்: தேதி, பாடியவர், ஊர், பாட்டு வகை, பதிவு செய்தவர், பதிவு யாரிடம் இருக்கிறது. பாட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும் நோட்டில் இருந்தால் போதும். சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஆறு வரை நான் அங்கே இருப்பேன். போனில் பதிவு செய்யத் தெரியாதவர்கள் வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

கடைசியாக ஒன்று. நம் கேட்டில் ஒரு பதிவேடு இருக்கிறது. தினமும் வேலைக்கு வருகிற பெண்கள் பெயர், எந்த ஃபிளாட், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. தஞ்சாவூர்க் கல்வெட்டுக்கு அது கிட்டத்தட்டச் சமம். பெயர் உண்டு, வீட்டு எண் உண்டு, அவர்களுக்கு என்ன பாட்டுத் தெரியும் என்பது இல்லை. உங்கள் வீட்டுக்கு வருபவரிடமும், நம் வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். விருப்பமிருந்தால் பாடட்டும். பாடினால், முதலில் அவர் பெயரை எழுதுங்கள். அப்புறம் பாட்டு.